ஜாப் ஐடி: பணி எண்ணா, பணி அடையாளமா?

பிரிண்டருக்கு ஒரு கோப்பை அனுப்பியதும் வரிசையில் 147 என்று ஒரு எண் வந்து நிற்கிறதே, அதுதான் ஜாப் ஐடி. இதைத் தமிழில் எழுதும்போது ‘பணி அடையாளம்’ என்று போடத்தான் முதலில் கை போகும். ஆனால் ‘பணி எண்’ என்பதே சரி என்பேன்.

‘ஜாப்’ கணினிக்கு முன்பே அச்சகத்தில் புழங்கிய சொல். நோட்டீஸ், அழைப்பிதழ் என்று தனித்தனியாக வரும் சின்ன வேலைகளை ஆங்கிலத்தில் ஜாப் பிரிண்டிங் என்பார்கள். அதனால் ‘அச்சுப்பணி’ நன்றாகவே பொருந்துகிறது. ‘ஐடி’ என்பது ஐடென்டிஃபையரின் சுருக்கம், அதன் வேர் லத்தீனில் ‘அதுவே’ என்று பொருள்படும் ‘இடெம்’. அதாவது நான் சொல்வது இதைத்தான், வேறெதையும் அல்ல என்று ஐயமில்லாமல் காட்ட வேண்டும். 147 தனியாக நின்றால் அதைச் செய்யாது.

ஏன் என்றால், அந்த எண் ஒரு பிரிண்டருக்குள் மட்டும்தான் செல்லும். பக்கத்து பிரிண்டரிலும் ஒரு 147 இருக்கலாம். ‘147ஐ ரத்து செய்’ என்று மட்டும் சொன்னால் எந்த 147? அதனால்தான் கணினியும் பிரிண்டரும் பிணையம் வழியே பேசிக்கொள்ளப் பயன்படும் ஐபிபி நெறிமுறையில் (முதல் பதிப்பு 1999, அடுத்த 1.1 பதிப்பு 2000) ரத்து செய்யும் கோரிக்கையில் ஜாப் ஐடியோடு பிரிண்டரின் யூஆர்ஐயும் (பிணையத்தில் அதைச் சுட்டும் எழுத்துத் தொடர்) சேர்ந்து போக வேண்டும், இல்லையென்றால் அந்தப் பணிக்கென்றே உள்ள ஜாப் யூஆர்ஐ போக வேண்டும். யூஆர்ஐ மட்டுமே போதும் என்று வடிவமைத்திருக்கலாம்தான், ஆனால் அப்போது புழக்கத்தில் இருந்த அச்சு மென்பொருள்கள் முழு எண்ணை வைத்தே பணிகளைக் கையாண்டு வந்தன, அவற்றையும் அரவணைக்க வேண்டியிருந்தது. 1990இல் ஆவணப்படுத்தப்பட்ட எல்பிடி என்ற பழைய அச்சு நெறிமுறையிலோ பணி எண்ணுக்கு மூன்றே இலக்கம், அதோடு அனுப்பிய கணினியின் பெயரையும் ஒட்டித்தான் கோப்புக்குப் பெயர் வைப்பார்கள். எண் மட்டும் போதாது என்பது அப்போதே தெரிந்த விஷயம்.

நடுவில் ஒரு சர்வர் இருந்தால் இன்னும் சிக்கல். சர்வர் தன் வரிசையில் 147 என்று பதிந்துகொண்டு பிரிண்டருக்கு அனுப்பும், பிரிண்டர் அதையே தன் கணக்கில் 32 என்று வைத்துக்கொள்ளும். ஒரே பணி, இரண்டு எண். இதைப் போய் அடையாளம் என்று எப்படிச் சொல்வது?

அப்புறம் பிரிண்டர் யூஆர்ஐ. யூஆர்ஐக்கு ‘சீர்வள அடையாளங்காட்டி’ என்று மொழிபெயர்க்கலாம், தப்பில்லை, ஆனால் ஐபிபியைப் பற்றி எழுதும்போது ‘பிரிண்டர் முகவரி’ என்றால் சட்டென்று புரியும், செய்கிற வேலையும் அதுதான். ஒரே பிரிண்டருக்கு ஒன்றுக்கு மேல் முகவரி இருக்கலாம்: சாதாரண இணைப்புக்கு ஐபிபி என்று தொடங்குவது ஒன்று, மறையாக்கத்தோடு வரும் ஐபிபிஎஸ் இன்னொன்று. ஆக முகவரி வேறாக இருப்பதை வைத்து பிரிண்டரும் வேறு என்று முடிவு கட்ட முடியாது. பிரிண்டர் நேம் என்பது மனிதர்கள் படிக்க வைத்த வெறும் பெயர், அதை நம்பி நிரல் எழுதக் கூடாது.

பெயர், எண், முகவரி என்று இந்த மூன்றையும் தனித்தனிச் சொல்லாக வைத்துக்கொண்டால் தமிழில் எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் குழப்பம் இருக்காது. ‘அடையாளம்’ என்ற சொல்லை, பின்னாளில் ஐபிபியில் சேர்ந்த பிரிண்டர் யூயூஐடி, ஜாப் யூயூஐடி ஆகியவற்றுக்கு ஒதுக்கலாம். யூயூஐடி என்பது வேறெதற்கும் திரும்ப வராதபடி உருவாக்கப்படும் 128 பிட் நீளமுள்ள குறியீடு. முகவரி மாறினாலும் இது மாறாது, எங்கிருந்து கேட்டாலும் ‘அதுவே’ என்று காட்டும். ‘தனி அடையாளம்’ என்ற பெயர் இதற்குத்தான் தகும்.