நாள் தள்ளிப்போனால் டெஸ்ட் எப்போது எடுக்கலாம்?

"வாந்தியே வரலைங்க டாக்டரம்மா, அதனாலதான் சந்தேகமே வரலை." அவிநாசி, பெருமாநல்லூர் பக்கமிருந்து வரும் பெண்கள் பலரும் என்னிடம் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள். மசக்கை என்றாலே வாந்திதான் என்று நம் வீடுகளில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆனால் குமட்டல் பெரும்பாலும் ஆறாவது வார வாக்கில்தான் தொடங்கும். வாரத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம் என்பதால், அதற்குள் நாள் தள்ளி இரண்டு வாரம் ஓடியிருக்கும். சிலருக்குப் பிரசவம் வரைக்கும் வாந்தி வருவதே இல்லை.

மார்பு கனத்து வலிப்பது, காரணமில்லாத அசதி, அடிக்கடி சிறுநீர் வருவது, தாளிக்கிற வாசம் பிடிக்காமல் போவது எல்லாம் ஆரம்ப அறிகுறிகள்தான். சிக்கல் என்னவென்றால், மாதவிலக்குக்கு முந்தைய வாரத்திலும் மார்பு வலிக்கும், உடம்பு அசதியாக இருக்கும். இரண்டுக்கும் காரணம் ஒரே ஹார்மோன், புரோஜெஸ்டிரோன். பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துவிட்டு வருகிற பெண்ணுக்கு அசதியை வைத்து எதைக் கண்டுபிடிப்பது? அதனால் உடம்பு சொல்வதைவிடக் காலண்டர் சொல்வதை நம்புங்கள் என்பேன். மாதவிலக்கு வந்த முதல் நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தால் போதும்.

டெஸ்ட் கார்டு தேடுவது ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோனை. கரு கருப்பையில் ஒட்டிய பிறகுதான் அது சுரக்கத் தொடங்கும். கருமுட்டை வெளிவந்து ஆறிலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் கரு ஒட்டும். அதன்பின் ஹெச்.சி.ஜி. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஏறக்குறைய இரட்டிப்பாகும். நாள் தள்ளுவதற்கு முன்பே பார்த்தால் கர்ப்பம் இருந்தும் 'இல்லை' என்று வர வாய்ப்பு அதிகம். நாள் தள்ளிய அன்றே பார்க்கலாம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் இன்னும் உறுதி. "நாப்பத்தஞ்சு நாள் ஆகட்டும்" என்று பெரியவர்கள் சொல்வதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

காலையில் எழுந்ததும் வருகிற முதல் சிறுநீரில் பாருங்கள். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தால் சிறுநீர் நீர்த்து, கோடு தெரியாமல் போகலாம். கார்டின் காலாவதித் தேதியைப் பாருங்கள். அட்டையில் சொன்ன அளவு சொட்டு விட்டு, சொன்ன நிமிடத்துக்குள் முடிவைப் பாருங்கள். குப்பையில் போட்ட கார்டை மத்தியானம் எடுத்துப் பார்த்து, மங்கலாக ஒரு கோடு தெரிகிறதே என்று வருகிறவர்கள் உண்டு. காய்ந்த பிறகு தெரியும் கோட்டுக்கு அர்த்தமில்லை. சொன்ன நேரத்துக்குள் இரண்டாவது கோடு மங்கலாக வந்தாலும் அது 'ஆம்' தான். ஒற்றைக் கோடு வந்தும் மாதவிலக்கு வரவில்லையா? ஒரு வாரம் விட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் இல்லை என்றால் மருத்துவரிடம் வாருங்கள்.

எனக்குப் பெரிய கவலை நோம்பி மாத்திரை. மாரியம்மன் நோம்பி, பண்ணாரி குண்டம் என்று வந்துவிட்டால் நாளைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் நாரெதிஸ்டிரோன் மாத்திரையைத் தாங்களாகவே வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அது கருத்தடை மாத்திரை இல்லை. நோம்பிக்காகப் போடுகிறோம், அதனால் கரு தங்காது என்று நினைப்பது தவறு. மாத்திரையை நிறுத்தினால் பொதுவாக இரண்டு மூன்று நாளில் மாதவிலக்கு வந்துவிடும். வராவிட்டால், "மாத்திரை போட்டதால தள்ளிப்போகுது" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அதைப் போடலாமா என்று முதலில் மருத்துவரைக் கேளுங்கள். ரத்தக்கட்டி வந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அது ஆகாது. கர்ப்பச் சந்தேகம் கொஞ்சம் இருந்தாலும் மாத்திரை தொடங்கும் முன் டெஸ்ட் எடுங்கள். நிறுத்தி ஒரு வாரமாகியும் வராவிட்டால் மறுபடி எடுங்கள்.

பால் கொடுக்கிற தாய்க்கு முதல் மாதவிலக்கு வரும் முன்பே அடுத்த கரு தங்கலாம். நாற்பதைத் தாண்டியவர்கள், "நிக்கிற வயசுதானுங்களே" என்று டெஸ்ட் எடுப்பதே இல்லை. அவர்களும் எடுக்க வேண்டும். நீர்க்கட்டியால் மாதவிலக்கு தாறுமாறாக வருகிறவர்கள், கடைசியாகப் பாதுகாப்பில்லாமல் சேர்ந்த நாளிலிருந்து மூன்று வாரம் கழித்துப் பார்க்கலாம். கரு ஒட்டும்போது லேசாகத் திட்டுப்படுவதை மாதவிலக்கு என்று எடுத்துக்கொண்டு தேதியில் ஒரு மாதம் ஏமாறுவதும் நடக்கிறது. இந்த மாதம் வழக்கத்தைவிட மிகக் குறைவாகப் பட்டால், அப்போதும் ஒரு கார்டு போட்டுப் பாருங்கள்.

இவ்வளவு சீக்கிரம் தெரிந்து என்ன செய்ய என்று கேட்பீர்கள். குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான குழாய், கரு உருவாகி 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. அதற்கு உதவுகிற ஃபோலிக் அமில மாத்திரையைக் குழந்தைக்குத் திட்டமிடும்போதே தொடங்குவது நல்லது. இல்லாவிட்டால் தெரிந்த அன்றே. முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின், வலிப்புக்குக் கொடுக்கும் வால்புரோயேட் போன்றவை கருவைப் பாதிக்கும். வலிப்பு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், உடனே மருத்துவரிடம் போங்கள். தைராய்டு மாத்திரையின் அளவையும் பெரும்பாலும் கூட்ட வேண்டியிருக்கும்.

இரண்டு கோடு வந்தாலும் கரு கருப்பைக்குள்தான் இருக்கிறது என்று கார்டு சொல்லாது. கருக்குழாயில் தங்கிய கருவும் கார்டில் 'ஆம்' என்றே காட்டும். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம், ரத்தக்கசிவு, இவற்றில் எது வந்தாலும் அது வாயு இல்லை. சீரகத் தண்ணீர் குடித்துப் படுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வலி எதுவும் இல்லாதவர்கள் அவசரமாக ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். ஐந்தாவது வாரத்தில் இதயத் துடிப்பு தெரியாமல் வீணாகப் பயந்து போவீர்கள். ஏழு வார வாக்கில் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

கருவைத் தொடர முடியாத நிலையில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன், குறிப்பாகத் திருப்பூர் விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் பெண்களுக்கு. கடையில் கலைப்பு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். குழாய்க் கருவாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டிருக்கிறது. அதன்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 18 வயது நிரம்பியவருக்கு வேறு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. மருத்துவர் உங்கள் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்றும் சட்டத்தில் இருக்கிறது. சீக்கிரம் வந்தால் வழியும் சுலபம்.

தொடர்கிறவர்கள் 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவு செய்துகொள்ளுங்கள். அங்கே கொடுக்கும் பிக்மி எண், அதாவது கர்ப்பப் பதிவு எண், பிறகு பிறப்புச் சான்றிதழுக்குத் தேவைப்படும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் இந்தப் பதிவுதான் முதல் படி. மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக்கூடாது என்று மாமியார் சொன்னால், சொந்தபந்தத்துக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். செவிலியரிடம் மட்டும் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். போகும்போது ஆதார் அட்டையையும் காலண்டரில் வட்டம் போட்ட அந்தத் தேதியையும் கொண்டுபோங்கள். இப்போது போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப் போங்கள்.