கண்ணுக்குள் இருந்து இரண்டு சொட்டு

விரலில் முள் குத்தினால் சிவக்கும், வீங்கும், சுடும், வலிக்கும். அழற்சி என்றால் நமக்குத் தெரிந்தது இந்த நான்கும்தான். விழித்திரையில் அழற்சி வந்தாலோ இவற்றில் ஒன்றுகூட வெளியே தெரியாமல் போகலாம். விழித்திரைக்கு வலி தெரியாது. பல வருடச் சர்க்கரை நோயாளியின் கண் பார்ப்பதற்குப் பளிச்சென்று இருக்கும். உள்ளே ரத்தக் குழாய்கள் கசிந்துகொண்டிருக்கும்.

அப்படியானால் உள்ளே நடப்பதை எப்படி அறிவது? கண்ணில் இருக்கும் நீரைக் கேட்கலாம். கண்ணின் பின்புறம் சுமார் 4 மில்லி ஜெல் நிரம்பியிருக்கிறது. முன்புறம் கால் மில்லி அளவுக்குத் தெளிந்த நீர் இருக்கிறது. அது ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குள் புதிதாகிவிடும். விழித்திரைச் செல்கள் சுரப்பவை ஜெல்லில் கலந்து, கொஞ்சம் முன்பக்கமும் வந்து சேரும். அங்கே மெல்லிய ஊசியால் 0.1 மில்லி, அதாவது இரண்டு சொட்டு எடுத்தால் போதும். அந்த இரண்டு சொட்டிலேயே பல புரதங்களைச் சேர்த்து அளக்கும் வசதி இன்று உண்டு. அளவு பிக்கோகிராமில், அதாவது ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்காக வரும்!

பிராணவாயு போதாத விழித்திரை ஏதோ ஒரு பொருளை வெளியிட்டுப் புதுக் குழாய்களை வரவழைக்கிறது என்று கண் மருத்துவர் ஐசக் மைக்கேல்சன் 1948லேயே ஊகித்தார். அந்தப் பொருள்களில் முக்கியமானது விஇஜிஎஃப் என்ற புரதம். சர்க்கரை நோயாளிகளின் கண் நீரில் அது மிகுந்திருப்பதை 1994இல் அளந்தே காட்டினார்கள். அது தனியாக வருவதில்லை. கூடவே இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8, எம்சிபி-1 ஆகிய அழற்சிப் புரதங்களும் ஏறுகின்றன. கடைசி இரண்டும் வெள்ளணுக்களைக் கூவி அழைப்பவை. வந்தவை குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ள, சுவரின் இறுக்கம் தளர்கிறது. நீர் கசிந்து, கூர்ந்த பார்வைக்கான விழித்திரையின் நடுப்பகுதி, அதாவது மேக்குலா வீங்குகிறது. விஇஜிஎஃப்பை அடக்கும் ஊசிக்குச் சிலரது வீக்கம் சரியாக மசியாமல், அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டுக்கு வற்றுவது இதனால்தான் என்று நினைக்கத் தோன்றுகிறது.

சரி, குழந்தைகளுக்கு? அங்கே கதை வேறு. 1908இல் கண் மருத்துவர் ஜார்ஜ் கோட்ஸ் விவரித்த நோய் பெரும்பாலும் சிறுவர்களுக்கு, ஒரு கண்ணில் மட்டும் வரும். புடைத்த குழாய்கள் கசிந்து, விழித்திரைக்கு அடியில் மஞ்சளாகக் கொழுப்பு தேங்கும். இந்தக் கண்களிலும் விஇஜிஎஃப் எகிறுகிறது. குறைமாதக் குழந்தையின் விழித்திரையிலோ குழாய்கள் இன்னும் ஓரம் வரை வளர்ந்திருக்காது. வளர அதே விஇஜிஎஃப் வேண்டும். அளவு மீறினால் அதுவே கெடுக்கும். பெரியவருக்கு அடக்கவேண்டிய எதிரி, சிசுவுக்குப் பாதி நண்பன். விஇஜிஎஃப்பை அடக்கக் கண்ணில் போட்ட மருந்து கொஞ்சம் ரத்தத்திலும் கலக்கும் என்பதால், வளரும் மற்ற உறுப்புகளை நினைத்து மருத்துவர்கள் தயங்குகிறார்கள்.

குழந்தையிடம் நீர் எடுப்பதும் லேசல்ல. பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டும். கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் அது கோட்ஸ் நோயாகவும் இருக்கலாம், ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயாகவும் இருக்கலாம். இரண்டாவதாக இருந்து, யோசிக்காமல் ஊசி போட்டால் புற்றுச் செல்கள் கண்ணுக்கு வெளியே பரவக்கூடும்.

அப்புறம், எடுத்த அளவை எதோடு ஒப்பிடுவது? நல்ல கண்ணில் யாரும் ஊசி போடமாட்டார்கள். பெரியவர்களுக்குக் கண்புரை அறுவையின்போது எடுக்கும் நீர் இருக்கிறது, அதற்குப் பஞ்சமில்லை. குழந்தைகளுக்குப் பிறவிக் கண்புரை அறுவைதான் வழி, அது அபூர்வம். அறுபது வயதுக் கண்ணின் அளவை வைத்து இரண்டு வயதுக் கண்ணை எடைபோடவும் முடியாது.