கம்பியாக இழுக்கும் முன்பே போய்விடும் கடத்துத்திறன்

அலுமினியக் கம்பித் தயாரிப்பில் தரப் பரிசோதனை என் வேலை. "தூய்மை 99.7 இருக்கிறதே, அப்புறம் ஏன் கடத்துத்திறன் வரவில்லை?" இந்தக் கேள்வியை யாராவது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். பரிசோதனைத் தாளில் எல்லாருடைய கண்ணும் முதலில் இரும்புக்கும் சிலிக்கானுக்கும்தான் போகும், அவைதானே அளவில் அதிகம். ஆளைக் கவிழ்ப்பவை கடைசி வரிகளில் இருக்கின்றன: டைட்டானியம், வனேடியம், குரோமியம், மாங்கனீசு.

மின்கம்பிக்கான 1350 தரத்தில் இரும்பு 0.40 சதவீதம் வரை இருக்கலாம். மாங்கனீசும் குரோமியமும் தலா 0.01ஐத் தாண்டக் கூடாது. ஏன் இந்த நாற்பது மடங்கு வித்தியாசம்? இரும்பு, திட அலுமினியத்தில் கரைவதே இல்லை எனலாம். தனித் துகளாக ஒதுங்கி நின்றுவிடும். வனேடியம் போன்றவை அணு அணுவாகக் கரைந்து படிகத்துக்குள்ளேயே உட்கார்ந்து, ஓடும் எலக்ட்ரான்களைச் சிதறடிக்கின்றன. சுத்த அலுமினியத்தின் தடை எண், அதாவது மின்சாரத்தை அது எதிர்க்கும் அளவு, 2.65 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர். 1 சதவீதம் வனேடியம் கரைந்தால் அதோடு ஏறக்குறைய 3.6 கூடும் என்பது கணக்கு. அப்படியானால் 0.015 சதவீதம் கரைந்திருந்தாலே, செம்பை 100 என்று வைக்கும் அளவுகோலில் ஒரு புள்ளிக்கு மேல் இறங்கிவிடும். 61ஐத் தொட வேண்டிய கம்பி 60க்குக் கீழே போய்விடும்.

பலர் பழியைக் கம்பி இழுப்பின் மேல் போடுகிறார்கள். குளிர் நிலையில் இழுப்பதால் போவது ஒரு புள்ளிக்கும் குறைவு. பதப்படுத்தி மென்மையாக்கினால் அது மட்டும்தான் திரும்ப வரும், உலையில் விட்டது வராது.

உலையில் செய்ய வேண்டியது போரான் சிகிச்சை. உருகிய உலோகத்தில் அலுமினியம்-போரான் கலவையைச் சேர்த்தால் டைட்டானியமும் வனேடியமும் போரைடு துகள்களாகி, கரைசலை விட்டு வெளியேறிவிடும். மாங்கனீசிடம் இது பலிக்காது. அதை மூலப்பொருள் வாங்கும்போதே தவிர்க்க வேண்டும்.

ஒருமுறை போரான் போட்டு இருபது நிமிடம் கழித்து சாம்பிள் எடுத்தோம். ஸ்பெக்ட்ரோமீட்டரில் வனேடியம் கிட்டத்தட்ட பழைய அளவே காட்டியது. வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்று உலை ஆபரேட்டர் இன்னொரு சுற்று போடக் கிளம்பிவிட்டார். அதே சாம்பிளின் கடத்துத்திறனை அளந்து பார்த்தால் ஏறியிருந்தது. எவ்வளவு இருக்கிறது என்று மட்டும்தான் அந்தக் கருவி சொல்லும், கரைந்து இருக்கிறதா துகளாக இருக்கிறதா என்று சொல்லாது. அன்றிலிருந்து இரண்டு அளவையும் சேர்த்தே பார்க்கிறோம்.

சரி, கடத்துத்திறன் வந்துவிட்டதே என்று உடனே வார்ப்புக்கு அனுப்பிவிடாதீர்கள். துகள்கள் அடியில் படிய நேரம் கொடுங்கள். அவசரப்பட்டு வார்த்த ஒரு கம்பிச் சுருள், மெல்லிய அளவுக்கு இழுக்கும்போது திரும்பத் திரும்ப அறுந்தது. அறுந்த முனையை நுண்ணோக்கியில் வைத்தபோது கெட்டியான சாம்பல் நிறத் துகள் ஒன்று அப்படியே பதிந்திருந்தது.

இன்னொரு கவனக்குறைவும் நடக்கிறது. படிகங்களை நுண்மையாக்கப் போடும் டைட்டானியம்-போரான் கம்பியில், போரானோடு சேராத உபரி டைட்டானியம் உண்டு. இங்கே சுத்தம் செய்துவிட்டு அங்கே கையாலேயே திரும்பச் சேர்க்கிறோம். தேவைக்கு மேல் ஒரு கிராம்கூடப் போடாதீர்கள்.

மக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்த 6201 கலவையிலும் இதே தத்துவம்தான். முதுமையூட்டும் உலையில், அதாவது கம்பியை மிதமான சூட்டில் சில மணி நேரம் வைத்திருக்கும் உலையில், அவை கரைசலை விட்டு நுண்துகளாக வெளியே வரும்போது வலிமையும் கடத்துத்திறனும் சேர்ந்தே ஏறும். அந்த நேரத்தைச் சுருக்கினால் இரண்டுமே குறையும்.

கடைசியாக, அளக்கும் முறை. தர அளவுகள் எல்லாம் 20 டிகிரிக்கு உரியவை. அலுமினியத்தின் தடை டிகிரிக்கு 0.4 சதவீதம் கூடும். 32 டிகிரியில் இருக்கும் கம்பியைத் திருத்தம் போடாமல் அளந்தால் 61 என்பது 58 ஆகத் தெரியும். நல்ல சரக்கு கழிவுக்குப் போய்விடும். நாங்கள் சாம்பிளையும் கருவியையும் ஒரே மேசையில் வைத்து, இரண்டும் அறையின் வெப்பநிலைக்கு வந்த பிறகே அளக்கிறோம். வெப்பமானி காட்டும் எண்ணை, தடை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கிறோம்.