மேட்டில் சிவப்பு, வயலில் சாம்பல்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரை நெடுகிலும் கடல் சேர்த்த மணலே பரந்து கிடக்கிறது. செம்மண்ணைக் காண வாவியைக் கடந்து, படுவான்கரை வயல்களையும் தாண்டி, நிலம் மெல்ல உயரும் உட்புற மேடுகளுக்குச் செல்ல வேண்டும். அம்பாறை மாவட்டத்திலும் கரையோரத்தை விட்டு உள்ளே போனால்தான் செங்கபில மண் தென்படும். அங்கும் எல்லா மேடுகளும் சிவப்பாக இருப்பதில்லை. அந்த வேறுபாடு பெரும்பாலும் அடியிலுள்ள பாறையிலிருந்தே தொடங்குகிறது.

கிழக்கிலங்கையின் பெரும்பகுதிக்கு அடித்தளமாக இருப்பவை விஜயன் தொகுதி எனப்படும் பாறைக் கூட்டத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகள் பழமையான நைஸ் என்னும் உருமாறிய பாறைகள். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்மையான அமிலமாகிப் பாறை வெடிப்புகளுக்குள் இறங்கும்போது, அதிலுள்ள பெல்ஸ்பார் என்னும் கனிமம் சிதைந்து களியாகிறது. குவாட்ஸ் என்னும் கடினமான கனிமம் எளிதில் சிதையாமல் மணலாக எஞ்சுகிறது. கரிய மைக்கா, ஹோர்ன்பிளென்ட் போன்ற கருநிறக் கனிமங்களிலிருந்து இரும்பு விடுபடுகிறது. அவ்விரும்பு ஒட்சிசனோடு சேர்ந்து துருவாகி, மண் துணிக்கைகளின் மேல் மெல்லிய பூச்சாகப் படிகிறது. மண்ணுக்குச் செந்நிறம் கொடுக்க மிகச் சிறிதளவு போதும். கருநிறக் கனிமங்கள் குறைந்த வெளிர்நிறப் பாறையின் மேலோ மங்கிய கபிலநிற மண்ணே உருவாகிறது.

காலநிலையின் பங்கும் பெரிது. மாரியில் நனைந்து, பின்னர் மாதக்கணக்கில் வெயிலில் காயும் மண்ணில் துரு நீரை இழந்து ஹேமடைட் என்னும் சிவப்புக் கனிமமாகிறது. ஈரம் நீங்காத இடங்களில் கோதைட் என்னும் மஞ்சட் கனிமமே மிகுதியாகத் தங்குகிறது. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் செம்மண்ணுக்கு அடியில் இருப்பது சுண்ணக்கல், ஆயினும் நிறம் தருவது அதே இரும்புதான்.

மேட்டிலிருந்து சரிவு வழியே வயலுக்கு இறங்கினால், சில நூறு மீற்றருக்குள் சிவப்பு மறைந்து சாம்பல் நிறம் வந்துவிடுவது என்னை எப்போதும் வியக்க வைக்கிறது. நீர் தேங்கிய மண்ணில் ஒட்சிசன் தீர்ந்ததும், சில நுண்ணங்கிகள் சுவாசத்துக்கு அதற்குப் பதிலாகத் துருவிலுள்ள இரும்பைப் பயன்படுத்துகின்றன; அப்போது இரும்பு நீரில் கரையும் வடிவுக்கு மாறி, துணிக்கைகளை விட்டு நகர்ந்துவிடுகிறது. எனினும் நெற்பயிர் தன் தண்டு வழியாக வேருக்குக் காற்றை அனுப்புவதால், வேரைச் சுற்றி இரும்பு மீண்டும் துருவாகிறது. பிடுங்கிய நாற்றின் வேரிலும், அறுவடைக்குப் பின் வெட்டியெடுத்த வயற்கட்டியிலும் செம்மஞ்சட் கோடுகளாக அதைக் காணலாம்.

ஆகவே ஒரு காணியில் அரை மீற்றர் ஆழத்துக்குக் குழி வெட்டிப் பார்த்தால், நீர் எவ்வளவு காலம் அங்கே நிற்கிறது என்பதை நிறமே பெரும்பாலும் காட்டும். சீரான சிவப்பு நன்கு நீர் வடியும் நிலம், கச்சானுக்கும் சோளத்துக்கும் ஏற்றது. சாம்பலிடையே துருப்புள்ளிகள் தெரிந்தால் நீர்மட்டம் ஏறி இறங்கும் நிலம், அங்கே நெல்லே பொருந்தும்.