கின்பிரா: அசை வறுவல் அல்ல, துவட்டல்

ஜப்பானியச் சமையல் குறிப்பைத் தமிழில் தேடினால் முதலில் வந்து நிற்பது, ஆங்கில ‘ஸ்டிர் ஃப்ரை’யைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த ‘அசை வறுவல்’. இன்னும் மோசமான இடங்களில் நடுவில் ஒரு கோட்டையும் போட்டு ‘அசை-வறுக்கவும்’ என்று கட்டளை வேறு. இப்போது அது, கோபோ என்ற வேரை வதக்கிச் சாறு சுண்டவைக்கும் ஜப்பானியக் கறியான கின்பிராவுக்கும் ஒட்டிவிட்டது. தமிழில் அசை என்றால் மாடு போடுவது, இல்லையென்றால் யாப்பில் வரும் நேரும் நிரையும். வினையாக வந்தாலும் தலையை அசைக்கலாம், கையை அசைக்கலாம். வாணலியில் கிடக்கும் காயை யாரும் அசைப்பதில்லை. களியைக் கிண்டுகிறோம், சாதத்தைக் கிளறுகிறோம், குழம்பைத் துழாவுகிறோம், மசாலாவில் காயைப் புரட்டுகிறோம். இத்தனை வினைகள் கைவசம் இருக்கும்போது ‘அசை’ எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி.

முதலில் பெயர்க் கதையை முடித்துவிடலாம். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில், இன்றைய டோக்கியோவான எதோ நகரில், பொம்மலாட்டக் கதைப்பாட்டு ஒன்று சக்கைப்போடு போட்டது. அதன் நாயகன் சகாத்தா கின்பிரா. கற்பனைப் பாத்திரம்தான், ஆனால் பழைய ஜப்பானியப் படைத்தலைவர் மினமோத்தோ யோரிமித்சுவின் நான்கு வீரர்களில் ஒருவரான சகாத்தா கின்தோக்கியின் மகனாக அவனைப் படைத்தார்கள். பிள்ளைகள் கதைகளில் கரடியோடு மல்யுத்தம் செய்யும் கின்தாரோ இருக்கிறானே, அவன் வளர்ந்து பெற்ற பெயர்தான் கின்தோக்கி. மகன் அப்பனையும் மிஞ்சிய முரடன். அதனால் உறுதியான எதற்கும் முன்னால் கின்பிரா என்று சேர்க்கும் பழக்கம் வந்தது. அழுத்தமாக ஒட்டும் பசை கின்பிராப் பசை. அடங்காத பெண்பிள்ளை கின்பிராப் பெண். கடிக்கக் கடினமான கோபோ வேரும் மிளகாயின் காரமும் சேர்ந்த பண்டத்துக்கு அதே பெயர் வந்ததில் வியப்பில்லை. கியோத்தோப் பக்கத்துச் சிவப்புக் கேரட்டுக்குக் கின்தோக்கி கேரட் என்று பெயர். அப்பன் பெயரில் காய், பிள்ளை பெயரில் கறி.

கின்பிராவைக் கொன்பிராவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கொன்பிரா ககாவா மாவட்டத்துக் கோத்தொஹிரா கோயிலோடு சேர்ந்த பெயர். முதலையைக் குறிக்கும் ‘கும்பீர’ என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து பௌத்தத்தோடு போனது. இரண்டையும் ஒன்றாக்கி, இந்தக் கறியின் பெயர் நம் நாட்டிலிருந்து போனது என்று மார்தட்ட இடமில்லை.

சரி, கறிக்கு வருவோம். கோபோ நீளமான, குச்சி போன்ற வேர். இந்தச் செடியின் முள்காய் நாய் முடியில் ஒட்டியதைப் பார்த்துத்தான் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஒருவர் வெல்க்ரோ செய்தார் என்பார்கள். வேரின் தோலைச் சீவி எறிவதில்லை. மணம் தோலை ஒட்டித்தான் இருக்கிறது. கத்தியின் முதுகால் சுரண்டினால் போதும். அப்புறம் பென்சில் சீவுவது மாதிரி வேரை உருட்டி உருட்டிச் சீவுவார்கள், அல்லது தீக்குச்சி அளவுக்கு நறுக்குவார்கள். சீவியதும் கறுக்கத் தொடங்கும் என்பதால் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீர் பழுப்பாகும். ரொம்ப நேரம் ஊறவிட்டால் ருசியும் தண்ணீரோடு போய்விடும். சட்டியில் முதலில், வறுத்த எள்ளை ஆட்டிய எண்ணெய், ஒரு காய்ந்த மிளகாய், கோபோ, கொஞ்சம் கேரட். பெருந்தீயில் வதக்கி, வேரில் லேசாகப் பளபளப்பு வந்ததும் அரிசி மதுவான சாக்கே, சர்க்கரை, சோயா சாஸ், இனிப்பான சமையல் மதுவான மிரின். இனிமேல்தான் முக்கியமான கட்டம். அந்தச் சாறு கொதித்து, குறைந்து, சட்டியின் அடியில் ஒரு சொட்டும் மிஞ்சாமல் காயின் மேலேயே ஏறி ஒட்ட வேண்டும். மேலே வறுத்த எள். பத்து நிமிட வேலை. ஆறினாலும் ருசி போகாது. மதியச் சாப்பாட்டுப் பெட்டியில் ஒரு மூலையில் இதற்கு எப்போதும் இடம் உண்டு.

ஜப்பானியர்கள் இந்த முறைக்கு ‘இத்தமேனி’ என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். இத்தமெரு என்றால் வதக்குவது, நிரு என்றால் சாற்றில் வேகவைப்பது. இரண்டும் ஒரே சட்டியில், அடுத்தடுத்து. எள்ளை வறுப்பதற்கு ‘இரு’, எண்ணெயில் முக்கிப் பொரிப்பதற்கு ‘அகெரு’ என்று வேறு வேறு வினைகள். நமக்கும் அப்படித்தானே? வறு, பொரி, வதக்கு, வேகவை. ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்றாகப் பொருந்தும் இரண்டு மொழிகளுக்கு நடுவில் ஆங்கிலத்தைக் கொண்டுவந்து உட்கார வைத்ததால் வந்த வினைதான் அசை வறுவல்.

அந்த ஆங்கிலச் சொல்லும் ஒன்றும் பழஞ்சொல் இல்லை. 1945-இல் புவெய் யாங் சாவ் என்ற சீனப் பெண்மணி அமெரிக்காவில் சமையல் நூல் வெளியிட்டார். கணவர் யுவென் ரென் சாவ் பேர்பெற்ற மொழியியலாளர். சீனத்தின் ‘சாவ்’ என்ற ஒற்றை வினைக்கு ஆங்கிலத்தில் சரியான சொல் இல்லாததால், கிளறுவதையும் பொரிப்பதையும் ஒட்டி அந்த நூலில் உண்டாக்கியதுதான் ‘ஸ்டிர் ஃப்ரை’. ஆங்கிலத்தில் சொல் இல்லை, ஒட்டுப்போட்டார்கள். அது அவர்கள் தேவை. நம்மிடம் வதக்கு என்று சொல் இருக்கிறது. இருந்தும் அவர்கள் போட்ட ஒட்டை எடுத்து நம் முழுத்துணியில் தைக்கிறோம்.

‘அசை’யை விட்டுவிட்டு வெறும் ‘வறுவல்’ என்று வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். ஒப்ப மாட்டேன். உருளைக்கிழங்கு வறுவல் என்றதும் மனசில் வருவது மொறுமொறுப்பு. வறுப்பது என்பதே காய்ந்த சூடு. கின்பிராவில் மொறுமொறுப்பு கிடையாது, கடித்தால் நறுக்கென்று இருக்கும், அவ்வளவுதான். புறநானூற்றிலேயே ‘நெய்துள்ளிய வறை’ வருகிறதே, யாழ்ப்பாணத்தில் இன்றும் தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்கிறார்களே என்றால், உண்மைதான். வறை நல்ல சொல், எனக்குப் பிடித்த சொல்லும்கூட. ஆனால் வறையில் சாறு ஊற்றிச் சுண்டவைக்கும் கட்டம் இல்லை.

‘ஜப்பானியப் பொரியல்’ என்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. குறைந்தபட்சம் அது தமிழாக இருக்கிறது. ஆனால் பொரியல் என்று எழுதினால் படிப்பவர் கை தானாகக் கடுகு டப்பாவுக்குப் போகும், பின்னால் தேங்காய்த் துருவல் விழும். சுண்டல் என்றும் வைக்க முடியாது. சுண்டவைப்பதுதான் இதன் உயிர் என்றாலும் தமிழ்நாட்டில் அந்தப் பெயரைக் கொண்டைக்கடலை எடுத்துக்கொண்டுவிட்டது.

என் கட்சி துவட்டல். தெற்கத்தி வீடுகளில் புழங்கும் சொல். தலை துவட்டுகிறோம் என்றால் ஈரத்தை வாங்குகிறோம். காயைத் துவட்டுகிறோம் என்றால் சட்டியில் இருக்கும் நீர் வற்றும்வரை புரட்டி இறக்குகிறோம். இத்தமேனியின் கடைசிக் கட்டம் அதுவேதான். வேர் எந்த ஊருடையதாக இருந்தாலும் செய்கை நம் அடுப்பில் நடப்பதுதான். வினையாக எழுதும்போது ‘சுண்ட வதக்கவும்’ என்றால் இன்னும் தெளிவு. பண்டத்தின் பெயரைக் கின்பிரா என்றே விட்டுவிடலாம். ஒரு வீரனின் பெயரை மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் இல்லை. தூய தமிழ் என்று சொல்லி அதற்கும் ஒரு ‘முரட்டு வேர்க்கறி’ கண்டுபிடித்து வராதீர்கள்.

இந்தக் குறிப்புகளை மொழிபெயர்க்கிறவர்கள், அல்லது இயந்திரத்திடம் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காதவர்கள், சட்டிப் பக்கம் போவதே இல்லையோ என்று சந்தேகம். நல்லெண்ணெய் என்று நாவிலேயே இருக்கும் சொல்லை விட்டுவிட்டு ‘எள் எண்ணெய்’ என்று எழுதுகிறார்கள். சொல்ல வேண்டியதையோ சொல்வதில்லை: ஜப்பானில் பெரும்பாலும் எள்ளை நன்றாக வறுத்து ஆட்டுகிறார்கள், நிறமும் மணமும் நம் செக்கு நல்லெண்ணெயில் வராது. ஒரு வரி போதுமே இதற்கு.

கோபோ கிடைக்காதே என்று குறிப்பை மூடிவைக்க வேண்டாம். ஜப்பானில் தாமரைக்கிழங்கிலும் உருளைக்கிழங்கிலும் இதைச் செய்கிறார்கள். சமைத்தபின் மிஞ்சும் முள்ளங்கித் தோலில்கூடக் கின்பிரா உண்டு. அந்தக் கடைசி வகைக்கு இயந்திரம் தரும் தமிழில் ‘முள்ளங்கி தலாம்’ என்று வரும். தலாம் என்றால் என்ன என்று அகராதியில் தேட வேண்டாம். தோலைத்தான் சொல்கிறார்கள்.