கீழ்ப்பிரிவுக்கு இறங்கிய கிளப் கடனில் மூழ்கினால்: இங்கிலாந்தின் அட்மினிஸ்ட்ரேஷன் விதிகள்

கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட்ட ஒரு கால்பந்து கிளப் அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போகக்கூடும் என்று செய்தி வந்தால், கிளப்பின் கதை முடிந்தது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. இங்கிலாந்துச் சட்டத்தில் அட்மினிஸ்ட்ரேஷன் என்பது கம்பெனி கலைக்கப்படாமல் காப்பதற்கான கடைசித் தடுப்பு. கடன் கொடுத்தவர்கள் வழக்குப் போடவும் சொத்தைக் கைப்பற்றவும் முடியாதபடி சட்டப்படி ஒரு தடை விழுகிறது. அந்த அவகாசத்துக்குள் புது உரிமையாளரைத் தேட வேண்டும். ஆனால் அந்த அவகாசம் சும்மா கிடைப்பதில்லை. அதற்கான விலையை, கடனை உண்டாக்காதவர்களே பெரும்பாலும் கட்டுகிறார்கள். விதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டியது அதனால்தான்.

போல்டன் வாண்டரர்ஸ் கிளப்புக்கு 2019-இல் நடந்ததைப் பார்த்தால் எல்லாம் விளங்கும். 1874-இல் தொடங்கிய கிளப்; 1888-இல் ஃபுட்பால் லீக்கை உருவாக்கிய 12 கிளப்புகளில் ஒன்று. 2019 ஏப்ரலில் இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப்பிலிருந்து மூன்றாம் பிரிவான லீக் ஒன்னுக்கு இறங்குவது உறுதியானது. அதற்கு முன்பே சம்பளம் நின்றிருந்தது. மார்ச் சம்பளம் வராததால் வீரர்கள் விளையாட மறுத்தார்கள். பிரென்ட்ஃபோர்டுடன் நடக்க வேண்டிய ஆட்டம் நடக்கவே இல்லை, வெற்றி பிரென்ட்ஃபோர்டுக்கு எழுதப்பட்டது. அலுவலக ஊழியர்களுக்கும் சம்பளம் இல்லை. கிளப்பின் சமூக அறக்கட்டளை அவர்களுக்காக உணவு வங்கி திறந்தது. மே 13 அன்று கிளப் அட்மினிஸ்ட்ரேஷனுக்குள் போனது.

கீழ்ப்பிரிவுக்கு இறங்குவதும் கடனில் மூழ்குவதும் சேர்ந்து வருவதற்குக் காரணம் இருக்கிறது. மேல் பிரிவில் இருக்கும்போது போட்ட சம்பள ஒப்பந்தங்கள் அப்படியே தொடரும். தொலைக்காட்சிப் பணமும் விளம்பர வரவும் மட்டும் சரிந்துவிடும். முதல் பிரிவான பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கும் கிளப்புக்குச் சில ஆண்டுகளுக்குப் 'பாராசூட்' தொகை கிடைக்கும்: சமமாகப் பங்கிடப்படும் ஒளிபரப்புப் பணத்தில் ஒரு கிளப்புக்கு வரும் பங்கில் முதல் ஆண்டு 55 சதவீதம், அடுத்த ஆண்டு 45, மூன்றாம் ஆண்டு 20. மேலே ஒரே ஒரு சீசன் மட்டும் இருந்திருந்தால் மூன்றாம் ஆண்டுத் தொகை கிடையாது. சாம்பியன்ஷிப்பிலிருந்து லீக் ஒன்னுக்கு இறங்குவதற்கென்று அவ்வளவு பெரிய தொகை இல்லை. போல்டனுக்கும் இருக்கவில்லை.

அட்மினிஸ்ட்ரேஷனில் நடப்பது என்ன

1986-ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி, கிளப்பின் இயக்குநர்களோ, உரிய ஈடு பெற்றுக் கடன் கொடுத்தவரோ, நீதிமன்றமோ அட்மினிஸ்ட்ரேட்டரை நியமிக்கலாம். அவர் உரிமம் பெற்ற திவால் நிபுணர். உரிமையாளரின் ஆள் அல்ல, நீதிமன்றத்தின் அலுவலர். பொறுப்பேற்றதும் இயக்குநர்களின் அதிகாரம் அவர் கைக்குப் போகிறது. கம்பெனியை இயங்கும் நிலையிலேயே காப்பாற்றுவது அவருடைய முதல் நோக்கம். அது முடியாவிட்டால், கலைத்தால் கிடைப்பதைவிடக் கடன் கொடுத்தவர்களுக்கு நல்ல தொகை கிடைக்கச் செய்ய வேண்டும். எட்டு வாரத்துக்குள் தன் திட்டத்தை எழுத்தில் வைக்க வேண்டும். நீட்டிக்கப்படாவிட்டால் ஓர் ஆண்டில் அட்மினிஸ்ட்ரேஷன் தானாகவே முடிந்துவிடும்.

"அட்மினிஸ்ட்ரேட்டரை நியமிக்க உத்தேசித்துள்ளோம்" என்ற அறிவிப்பை நீதிமன்றத்தில் தாக்கல் செய்தாலே 10 வேலை நாட்களுக்கு இடைக்காலத் தடை கிடைக்கும். செய்திகளில் வரும் "போகக்கூடும்" என்பது பல சமயம் இந்த நிலையைத்தான் குறிக்கிறது. அந்த நாட்களில் கிளப் கைமாறியும் போகலாம்.

12 புள்ளி, எந்த சீசனில்?

சட்டம் தருவது பாதுகாப்பு. தண்டனை தருவது லீக். ஈஎஃப்எல் எனப்படும் இங்கிலீஷ் ஃபுட்பால் லீக்கின் மூன்று பிரிவுகளில் எந்த கிளப் அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போனாலும் 12 புள்ளி வெட்டப்படும். முன்பு இது 10 ஆக இருந்தது.

இந்த விதி பிறந்ததே ஒரு மனக்குறையிலிருந்துதான். 2002-இல் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கிய லெஸ்டர் சிட்டி, புது மைதானம் கட்டிய கடனோடும் ஐடிவி டிஜிட்டல் ஒளிபரப்பு ஒப்பந்தம் கவிழ்ந்த அடியோடும் அதே அக்டோபரில் அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போனது. கடனில் பெரும்பகுதி கழிந்தது. அந்த சீசனிலேயே மேல் பிரிவுக்கு ஏறியும்விட்டது. கடனை ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்த மற்ற கிளப்புகள் கொதித்தன. 2004-இல் புள்ளி வெட்டும் விதி வந்தது. அந்தக் கொதிப்பு நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

பிறகு விதியைத் தாண்டும் வழியை லீட்ஸ் யுனைடெட் காட்டியது. 2007 மே 4 அன்று, சீசனில் ஒரே ஆட்டம் மிச்சமிருந்தபோது, இறக்கம் ஏறக்குறைய உறுதியான பிறகு அட்மினிஸ்ட்ரேஷனுக்குள் போனது. எப்படியும் இறங்கப்போகிற கிளப்புக்கு 10 புள்ளி போனால் என்ன நஷ்டம்? அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. இப்போது கெடு, மார்ச் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை மாலை 5 மணி. அதற்கு முன் போனால் புள்ளி உடனே வெட்டப்படும். அதற்குப் பின் போனால், சீசன் முடியும்வரை லீக் காத்திருக்கும். புள்ளிப்பட்டியல்படியே கிளப் இறங்கிவிட்டால் வெட்டு அடுத்த சீசனுக்குப் போகும். இறங்காமல் தப்பியிருந்தால் அந்த சீசனிலேயே வெட்டுவார்கள்.

2020-இல் விகான் அத்லெட்டிக் இதன் வலியை முழுதாகப் பட்டது. கொரோனாவால் சீசன் கோடைவரை நீண்டிருந்தபோது, ஜூலை 1 அன்று அட்மினிஸ்ட்ரேஷன். வீரர்கள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். ஹல் சிட்டியை 8-0 என்று வென்றார்கள். 59 புள்ளியோடு 13-ஆம் இடத்தில் முடித்திருக்க வேண்டியவர்கள், 12 வெட்டப்பட்டு 47 புள்ளியோடு இறங்கினார்கள். மேல்முறையீடும் தோற்றது.

போல்டன் ஏற்கெனவே இறங்கிவிட்டதால் அதன் 12 புள்ளி அடுத்த சீசனுக்குப் போனது. 2019-20 சீசனைக் கழித்தல் 12-இல் தொடங்கியது. விற்பனை இழுத்துக்கொண்டே போனதால் பதின்வயதுப் பையன்களை வைத்து அணி ஆடியது. கோவென்ட்ரியுடன் கோல் இல்லாமல் சமன் செய்த அந்தப் பிள்ளைகள், பிறகு டிரான்மியரிடமும் இப்ஸ்விச்சிடமும் 5-0 என்று தோற்றார்கள். அவர்களுடைய உடல்நலம் கருதி டான்காஸ்டருடனான ஓர் ஆட்டத்தை கிளப்பே தள்ளிவைத்தது. ஆகஸ்ட் 28 அன்றுதான் கிளப் கைமாறியது. அந்த சீசனில் போல்டன் மறுபடி இறங்கியது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெட்டு இல்லாவிட்டாலும் அவர்கள் எடுத்தது 26 புள்ளிதான், அப்போதும் தப்பியிருக்க முடியாது. 12 புள்ளியைவிடப் பெரிய சேதம், கோடை முழுவதும் யாரையும் எடுக்க முடியாமல் அணி கலைந்துபோனது.

கிளப்பை விட்டுவிட்டு தாய்க் கம்பெனியை மட்டும் அட்மினிஸ்ட்ரேஷனுக்கு அனுப்பினால் தப்பலாமா? 2009-இல் சவுதாம்ப்டன் அப்படி வாதிட்டது. இரண்டும் பிரிக்க முடியாதவை என்று லீக் 10 புள்ளியை அடுத்த சீசனில் வெட்டியது. அந்த சீசனில் பிளே-ஆஃப் (மேல் பிரிவுக்கு ஏறுவதற்கான கூடுதல் ஆட்டங்கள்) இடம் 7 புள்ளியில் கைநழுவியது.

யாருக்கு முதலில் பணம்

இந்தப் பகுதியை எந்த ரசிகரும் தாண்டிப் போகக் கூடாது. மற்ற கம்பெனிகளில் இல்லாத ஒரு விதி கால்பந்தில் உண்டு: கால்பந்துக் கடன்கள் முழுதாகக் கட்டப்பட வேண்டும். வீரர்களின் சம்பளப் பாக்கி, மற்ற கிளப்புகளுக்குத் தர வேண்டிய டிரான்ஸ்ஃபர் தொகை போன்றவை இதில் வரும். கிளப்பை வாங்குபவருக்கு லீக்கின் உறுப்பினர் பங்கு வேண்டும். அது இல்லாமல் ஆட இடமில்லை. கால்பந்துக் கடன் தீராமல் அந்தப் பங்கை லீக் மாற்றித் தராது. பிரிட்டிஷ் வரித்துறை இதை எதிர்த்து வழக்குப் போட்டு 2012-இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றது.

ஈடு இல்லாமல் நம்பிக் கடன் கொடுத்த சாதாரண ஆட்கள் கடைசி வரிசையில் நிற்கிறார்கள். 2010-இல் போர்ட்ஸ்மவுத் அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போனபோது, மைதானத்தில் முதலுதவி செய்யும் தொண்டு அமைப்பான செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் பணம் வராதவர்கள் பட்டியலில் இருந்தது. கோடிகளில் சம்பளம் வாங்கிய வீரருக்கு முழுத்தொகை, மயங்கி விழுந்த ரசிகரைத் தூக்கியவருக்குச் சில்லறை. போட்டியின் நேர்மைக்காக என்று சொல்லப்படும் இந்த ஏற்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

ஓரளவு ஆறுதல் ஒன்று உண்டு. ஈடு இல்லாக் கடனுக்குப் பவுண்டுக்கு 25 பென்ஸாவது உடனே, அல்லது மூன்று ஆண்டுக்குள் 35 பென்ஸாவது கொடுக்காமல் வெளியே வந்தால் மேலும் 15 புள்ளி வெட்டப்படும். வரித்துறையின் நிலையும் மாறியிருக்கிறது. ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரி, வாட் ஆகியவற்றுக்கு 2020 டிசம்பர் 1 முதல் முன்னுரிமை திரும்பியிருக்கிறது. வரி கட்டாமல் ஓட்டிய கிளப்பில் மற்றவர்களுக்கு மிஞ்சுவது இதனால் இன்னும் குறையும்.

வெளியேறும் வழியும் முக்கியம். கடன் கொடுத்தவர்களில், தொகை அளவில் 75 சதவீதம் ஒப்புக்கொண்டால், கடனைக் குறைத்துத் தீர்க்கும் சமரச ஒப்பந்தம் நிறைவேறும். லீட்ஸின் ஒப்பந்தத்தை வரித்துறை எதிர்த்ததால், அது இல்லாமலே கிளப் வெளியே வந்தது. லீக் 2007-08 சீசனில் 15 புள்ளி வெட்டியது. ஆடி எடுத்தது 91 புள்ளி. நேரடியாக ஏறியிருக்க வேண்டும். 76 ஆகி, பிளே-ஆஃப் இறுதியில் டான்காஸ்டரிடம் தோற்று, 2010 வரை காத்திருந்தது.

ஊழியரும் டிக்கெட் வாங்கியவரும்

ஊழியருக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. சம்பளப் பாக்கியில் நான்கு மாதத்துக்குள்பட்டு தலைக்கு 800 பவுண்ட் வரை முன்னுரிமைக் கடன். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டால், அரசின் தேசிய காப்பீட்டு நிதியிலிருந்து எட்டு வாரம் வரையான பாக்கியைக் கேட்டு வாங்கலாம். வாரத்துக்கு உச்சவரம்பு உண்டு; 2025 ஏப்ரலில் அது 719 பவுண்ட், ஏப்ரல் தோறும் திருத்தப்படும். இரண்டு ஆண்டு வேலை செய்திருந்தால் ஆட்குறைப்பு இழப்பீடும் கிடைக்கும். நிறுத்தவும் இல்லை, சம்பளமும் இல்லை என்று தொங்கலில் விடப்படுபவர் பாடுதான் மிகக் கொடுமை.

சீசன் டிக்கெட் வாங்கியவரும் சட்டத்தின் பார்வையில் ஈடு இல்லாமல் கடன் கொடுத்தவர்தான். கிளப் தொடர்ந்து ஆடினால் டிக்கெட் பெரும்பாலும் செல்லும். ஆடாமல் போனால்தான் சிக்கல். 100 பவுண்டுக்கு மேல் விலையுள்ள டிக்கெட்டைக் கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75-ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனத்திடமே பணத்தைக் கேட்கலாம். டெபிட் கார்டு என்றால் 'சார்ஜ்பேக்', அதாவது கட்டிய பணத்தைத் திருப்பித் தரும்படி வங்கியிடம் கேட்டுப் பார்க்கலாம். ரொக்கமாகக் கொடுத்தவர் வரிசையில்தான் நிற்க வேண்டும். தள்ளாடும் கிளப்புக்கு டிக்கெட் எடுப்பது அன்பு. அதைக் கிரெடிட் கார்டில் எடுங்கள்.

எல்லாக் கிளப்பும் தப்புவதில்லை. போல்டன் கைமாறியதற்கு முந்தைய நாள், 2019 ஆகஸ்ட் 27 அன்று, பக்கத்து ஊரான பரியின் கிளப் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. 1894 முதல் லீக்கில் இருந்த கிளப் அது. இறங்கியதுகூட இல்லை, அந்த ஆண்டு மேல் பிரிவுக்கு ஏறியிருந்தது. செலவுக்குப் பணம் இருப்பதை நிரூபிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு எழுந்த குரல்களின் பலனாக 2025 ஜூலை 21 அன்று கால்பந்து ஆளுகைச் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. மேலிருந்து ஐந்து பிரிவுகளுக்கும் சுதந்திரமான ஒழுங்குமுறை ஆணையம் அமைக்க அது வழி செய்தது: கிளப் ஆடுவதற்கு உரிமம், உரிமையாளருக்குத் தகுதிச் சோதனை, அனுமதியின்றி மைதானத்தை விற்கத் தடை. அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று ஷெஃபீல்ட் வெட்னஸ்டே அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போய் 12 புள்ளி இழந்தது.

உங்கள் கிளப்பின் பெயர் இப்படிச் செய்தியில் அடிபட்டால், வதந்திகளை விட்டுவிட்டு, பிரிட்டனின் கம்பெனிப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸ் இணையதளத்தைப் பாருங்கள். கட்டணம் இல்லை. கிளப்பின் கணக்குகள், யாரிடம் எதை ஈடு வைத்தார்கள் என்ற விவரம், அட்மினிஸ்ட்ரேட்டர் நியமன அறிவிப்பு எல்லாம் அங்கே பதிவாகும். அட்மினிஸ்ட்ரேட்டரின் திட்ட அறிக்கையும் பிறகு அங்கே வரும். அதில் கிளப் யாருக்கெல்லாம் எவ்வளவு பாக்கி என்ற விவரம் இருக்கும்.