போனைத் திறக்க முன்னம் நெல் காயும் வீதிக்குப் போங்கள்

இறுதியாண்டுப் பொறியியல் மாணவர்களின் டிசைன் புரொஜெக்ட்களைப் பார்க்க உட்காரும்போதெல்லாம் எனக்குக் கவலை தருவது ஒரே விஷயம்தான். நெல் உலர்த்தும் கருவி என்று தலைப்புக் கொடுத்தால் அநேகமாக எல்லாக் குழுவும் ஒரு பெட்டி, ஒரு ஹீட்டர், ஒரு ஃபேன் என்றே வரைந்துகொண்டு வருகிறது. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், கணக்கில் பிழை பிடிக்க முடியாது. ஆனால் தலைப்புக் கிடைத்த அன்றே போனில் தேடி முதலில் வந்த படத்தைப் பார்த்துவிடுகிறார்கள், அதற்குப் பிறகு யோசனை அந்தப் படத்தை விட்டு நகர மறுக்கிறது.

இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். ஜான்சன், ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் 1991இல் வெளியிட்ட ஆய்வில், சிந்தாத காப்பிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கச் சொல்லி, ஒரு பகுதியினருக்கு மட்டும் ஸ்ட்ரோ வைத்த மாதிரிப் படத்தைக் காட்டினார்கள். ஸ்ட்ரோ கூடாது என்று சொல்லியும், படம் பார்த்தவர்களில்தான் அதிகம் பேர் அதையே திரும்ப வரைந்தார்கள்.

சரி மாணவர்களே, என்ன செய்யலாம்? பெரும்போக அறுவடை நேரம் சம்மாந்துறைப் பக்கமோ அக்கரைப்பற்றுப் பக்கமோ போய், காபட் வீதியோரம் நெல் காயப் போடுபவர்களோடு அரைநாள் நில்லுங்கள். மெஷினில் வெட்டிய ஈர நெல்லை 14 சதவீத ஈரப்பதத்துக்குக் கொண்டுவர வேண்டும், அது நீங்கள் படித்ததுதான். அங்கே நின்றால்தான் மற்றது தெரியும்: வானம் கறுத்ததும் குடும்பமே ஓடிவந்து அள்ளுகிறது, வெயிலில் நாள் முழுக்க யாரோ காலால் கிளறிக்கொண்டிருக்கிறார், காய்ந்ததா என்பதைப் பல்லால் கடித்துப் பார்க்கிறார்கள், யாவாரி ஈரம் என்று சொல்லி விலையைக் குறைத்தால் மறுத்துப் பேச கையில் ஒரு அளவு இல்லை. ஹீட்டர் வைத்த பெட்டி இதில் எத்தனைக்குப் பதில் சொல்லும்? மழைக்கு முன் சட்டென்று சுருட்டி மூடக்கூடிய ஒரு படங்கே அந்தக் குடும்பத்துக்குப் பெரிய உதவியாக இருக்கலாம், அதுவும் பொறியியல் வடிவமைப்புத்தான்.

பிறகு கருவியின் பெயரை மறந்துவிட்டு வேலைகளை மட்டும் எழுதுங்கள்: சூடாக்குதல், கிளறுதல், மூடுதல், ஈரம் அறிதல். ஒவ்வொன்றுக்கும் நான்கு வழி கண்டுபிடித்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வழியாக எடுத்துச் சேர்த்தால் 256 சேர்க்கைகள் வரும். ஸ்விக்கி என்ற வானியலாளர் பரப்பிய அட்டவணை முறை இது. பெரும்பாலானவை உதவாது, பரவாயில்லை.

யோசிக்கும்போது முதலில் தனித்தனியாக, பேனையும் கொப்பியுமாக உட்காருங்கள், அப்புறம் குழுவாகச் சேருங்கள். தனியே யோசித்தவர்களின் யோசனைகளைச் சேர்த்துப் பார்த்தால் கூடிப் பேசிய குழுவைவிட அதிகம் வருகிறது என்பது 1958இலேயே யேல் பல்கலைக்கழக ஆய்வில் தெரிந்துவிட்டது. குழுவில் சத்தமாகப் பேசுகிறவரின் யோசனை ஜெயித்துவிடும், மெதுவாகப் பேசும் பிள்ளையின் ஸ்கெட்ச் கொப்பிக்குள்ளேயே கிடக்கும். இணையத்தில் தேடுவதும் அவசியம்தான், அதைக் கடைசியில் செய்யுங்கள்.

வழிகாட்டும் விரிவுரையாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். முடிந்த மாதிரிக்கு மட்டும் புள்ளி போடாமல், பிள்ளைகள் வரைந்து கைவிட்ட ஸ்கெட்ச்களையும் ஏன் கைவிட்டார்கள் என்பதையும் கேட்டு, அதற்கும் புள்ளி கொடுங்கள்.